தபால்காரர் பாட்டால் நம்பர் 1 ஆன பள்ளி மாணவிகள்: கடைசியில் குழுவின் பெயரும் பறிபோனது!

பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் 4-வது இடத்துக்குத் தள்ளப்பட்ட மாணவிகள், அதே வருஷம் முடிவதற்குள் அமெரிக்கா முழுவதும் நம்பர் 1 பாட்டுக்குச் சொந்தக்காரிகள் ஆனார்கள்.

"சொந்தக்காரிகள்" என்று சொல்வது தப்பு. பாடியதுதான் அவர்கள். சொந்தம் வேறு ஆளுக்கு!

பத்து வருஷம் கூட ஓடவில்லை. குழு கலைந்தது. பெண்கள் வீட்டோடு முடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய வேடிக்கை நடந்தது. அந்தக் குழுவின் பெயரைப் போட்டுக்கொண்டு யார் யாரோ மேடை ஏறினார்கள். பாட்டைப் பாடிய பெண்ணோ தன் குழுவின் பெயரைத் தானே போட்டுக்கொள்ள முடியாமல் தவித்தார்.

இது "மார்வெலெட்ஸ்" என்ற பாடகிகள் குழுவின் கதை. நடந்தது 1961-ல் தொடங்கி.

கார் கம்பெனி ஊர்

அமெரிக்காவில் கார் தொழிலுக்குப் பேர் போன நகரம் டெட்ராய்ட். அதற்கு மேற்கே இங்க்ஸ்டர் என்று ஒரு சின்ன ஊர்.

இடையில் இருக்கும் டியர்பார்ன் என்ற ஊரில்தான் போர்டு கார் கம்பெனியின் பிரமாண்டமான தொழிற்சாலை. கறுப்பு இனத் தொழிலாளர்கள் அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் அந்த ஊரில் குடியிருக்க முடியாது. வீடு கொடுக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். அப்படிப் போனவர்கள் பலர் குடியேறிய இடம் இங்க்ஸ்டர்.

அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி. அதன் பாட்டுக் கோஷ்டியில் கிளாடிஸ் ஹார்ட்டன் என்று ஒரு பெண். 1961-ல் அவளுக்கு வயது 15. தாய் தகப்பன் நிழல் கிடையாது. வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவள். கரகரப்பான, கணீரென்ற குரல்.

கிளாடிசோடு ஜார்ஜியா, காத்தரின், ஜார்ஜியானா, வனீட்டா என்று மேலும் 4 பேர் சேர்ந்தார்கள். (ஜார்ஜியா வேறு, ஜார்ஜியானா வேறு. இந்தக் கதையில் இருவருமே முக்கியம்.)

குழுவுக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். "கேசின்யெட்ஸ்". என்ன அர்த்தம் தெரியுமா? "இன்னும் பாட வராது" என்பதைத்தான் அப்படி இங்கிலீஷில் சுருக்கி விளையாட்டாக வைத்தார்கள். வேறு யாரும் கிண்டல் செய்வதற்கு முன்னால் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்ட கெட்டிக்காரிகள்!

டீச்சர் செய்த சிபாரிசு

அந்த வருஷம் பள்ளியில் திறமைப் போட்டி நடந்தது. முதல் 3 இடங்களைப் பிடிப்பவர்களுக்கு டெட்ராய்டில் ஒரு இசைத்தட்டு கம்பெனியில் பாடிக்காட்ட வாய்ப்பு என்று அறிவித்திருந்தார்கள்.

மாணவிகளுக்குக் கிடைத்தது 4-வது இடம். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு ஆசிரியை விடவில்லை. "இந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று வாதாடிச் சேர்த்துவிட்டார்.

அவர்கள் போய் நின்ற இடம் ஒரு சாதாரண வீடு. வாசலில் பெரிய போர்டு. அதுதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மோட்டவுன் கம்பெனி.

முதலாளி பெர்ரி கார்டி. ஒரு காலத்தில் கார் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தவர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார். தொழிற்சாலையில் வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே போகும் வண்டி மறுபக்கம் பளபளப்பான காராக வெளியே வருகிறதல்லவா? அது மாதிரி பாடகர்களையும் உருவாக்கலாம் என்பது அவர் கணக்கு.

மாணவிகள் பாடினார்கள். கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்தவர்கள் பாட்டைப் பாடிப் பிரயோசனம் இல்லை, சொந்தப் பாட்டு ஒன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுக்கு எங்கே போவார்கள்?

தபால்காரர் பாட்டு

ஜார்ஜியா டாபின்ஸ்தான் வழி கண்டுபிடித்தாள். அவளுக்குத் தெரிந்த வில்லியம் காரெட் என்ற இளைஞர் பாட்டு எழுதுவார், பியானோ வாசிப்பார். தபால்காரரைப் பற்றி ஒரு சோகப் பாட்டு அவர் கைவசம் இருந்தது. எழுதியவர்களில் தன் பெயரும் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஜார்ஜியா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பை வைத்துக்கொண்டு வார்த்தைகளை ஒரே ராத்திரியில் மாற்றி எழுதினாள். காதலன் தூர தேசத்தில் இருக்கிறான். கடிதம் வரவில்லை. தெருவில் வரும் தபால்காரரை நிறுத்தி, பையை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள் ஒரு பெண். இதுதான் பாட்டின் விஷயம். மணியார்டருக்கும் கடிதத்துக்கும் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனியில் பிரையன் ஹாலண்ட், ராபர்ட் பேட்மன் என்ற இருவர் அந்தப் பாட்டை எடுத்து மெருகேற்றினார்கள். மூன்றாவதாகக் கை வைத்தவர் பிரெடி கோர்மன். அவருக்கு வேலை என்ன தெரியுமா? தபால்காரர்! பகலில் டெட்ராய்ட் தெருக்களில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்ற நேரத்தில் பாட்டு எழுதிக்கொண்டிருந்த நிஜ தபால்காரர்.

பதிவின்போது டிரம்ஸ் வாசித்தவர் ஒரு ஒல்லியான இளைஞர். அவர்தான் பின்னால் உலகப் பாடகராகப் புகழ் பெற்ற மார்வின் கே. அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

அப்பா போட்ட தடை

இந்த இடத்தில்தான் முதல் அடி விழுந்தது.

மாணவிகள் எல்லோரும் மைனர் பெண்கள். ஒப்பந்தத்தில் பெரியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஜார்ஜியாவின் அம்மா படுத்த படுக்கை. வீட்டில் சின்னத் தம்பிகள். மகள் இப்படிப் பாடிக்கொண்டு திரிகிறாள் என்பதே அப்பாவுக்கு அதுவரை தெரியாது. காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டியதும் "முடியாது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

ஜார்ஜியா சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடவில்லை. பாட்டைக் கிளாடிசுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் கெஞ்ச வேண்டும் என்று பாடிக்காட்டினாள். பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவள் வாண்டா யங். அதே பள்ளியில் படித்து முடித்த பெண். மெல்லிய, தேன் போன்ற குரல்.

முதலாளிக்குப் பழைய பெயர் பிடிக்கவில்லை. பாட வராது என்று பெயர் வைத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அவரே "மார்வெலெட்ஸ்" என்று மாற்றினார். அதிசயப் பெண்கள் என்பது போல அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெயரைக் கொடுத்தவர் கம்பெனிக்காரர் என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முதலிடம்

1961 ஆகஸ்டில் பாட்டு வெளியானது. டிசம்பர் 11-ந்தேதி அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மோட்டவுன் கம்பெனிக்கு அதுதான் அந்தப் பட்டியலில் முதல் நம்பர் 1. அதற்கு முன்னால் கம்பெனியின் மற்றொரு குழுவான மிராக்கிள்ஸ் 2-வது இடம் வரைதான் எட்டியிருந்தது. பெரிய பெரிய ஆட்களால் முடியாததைப் பள்ளி மாணவிகள் செய்து காட்டினார்கள்.

கிளாடிசுக்கு அப்போது வயது 16.

அவசர அவசரமாக முழு ஆல்பம் வந்தது. வாங்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம். அட்டையில் பாடகிகள் முகமே இல்லை! தபால்பெட்டிப் படம் ஒன்றை வரைந்து, அதில் சிலந்தி வலையும் பின்னியிருந்தார்கள். பாட்டுக்குப் பொருத்தமான படம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல கடைகளில் கறுப்பு முகம் போட்ட அட்டை விற்காது என்ற பயம் இருந்தது. குரல் வேண்டும், முகம் வேண்டாம்.

அடுத்தடுத்து ரிக்கார்டுகள் வந்தன. வெற்றி பெற்ற பாட்டையே திருப்பிப் போட்ட மாதிரி இன்னொரு தபால்காரர் பாட்டும் வந்தது. அது 34-வது இடத்தோடு நின்றுவிட்டது. (ஒரே தபால்காரர் எத்தனை தடவை கதவைத் தட்டுவார்?)

1962-ல் "பிளேபாய்" என்ற பாட்டு 7-வது இடம். அதை எழுதியவர்களில் கிளாடிசும் ஒருத்தி. அதே வருஷம் ஒரு டெலிபோன் நம்பரையே தலைப்பாக வைத்து "பீச்வுட் 4-5789" வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் டிரம்ஸ் வாசித்த அதே மார்வின் கே. அது 17-வது இடம்.

பஸ் மீது துப்பாக்கிச் சூடு

1962 அக்டோபர் கடைசியில் மோட்டவுன் கம்பெனி தன் பாடகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லோரையும் பஸ்சில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. மிராக்கிள்ஸ், மேரி வெல்ஸ், மார்வின் கே, சுப்ரீம்ஸ் என்று பட்டாளமே போனது. மார்வெலெட்சும் போனார்கள்.

வடக்கே கைதட்டல். தெற்கே போனால் கதையே வேறு. சாப்பாட்டுக் கடையில் முன்வாசல் வழியாக உள்ளே விட மாட்டார்கள். லாட்ஜில் அறை கிடையாது. பெட்ரோல் பங்க் கக்கூசைக்கூட உபயோகிக்க விடமாட்டார்கள். அலபாமா மாநிலம் பர்மிங்காமில் நிகழ்ச்சி முடிந்து பஸ்சில் ஏறும் நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கல் எறிகிறார்கள் என்று முதலில் நினைத்தார்களாம். பஸ்சின் மேல் குண்டு பாய்ந்த ஓட்டை இருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள்.

வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயது. வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்காத பெண்கள். அவர்கள் வாரக்கணக்கில் பஸ்சிலேயே தூங்கி, பஸ்சிலேயே தலை வாரிக்கொண்டு, இறங்கியதும் ஜிகினா உடையில் சிரித்துக்கொண்டே பாட வேண்டும்.

இந்த வாழ்க்கை முதலில் வனீட்டாவை உடைத்தது. டெலிவிஷனில் ஒரு பிரபல நிகழ்ச்சி. எந்த ஊர் என்று கேட்டார்கள். பதற்றத்தில் வாய் தவறி, இவ்வளவு பெரிய டெட்ராய்டை இங்க்ஸ்டரின் புறநகர் என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். போகும் இடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி. அலைச்சலும் சேர்ந்துகொண்டது. மனம் தளர்ந்து 1963-ல் குழுவை விட்டே போய்விட்டாள். 4 பேர் ஆனார்கள்.

பிள்ளை பெறும் நாளில் வாண்டா மேடை ஏற முடியாமல் போனது. அப்போது அவள் இடத்தில் நின்று பாடியவள் யார் தெரியுமா? சுப்ரீம்ஸ் குழுவின் புளோரன்ஸ் பல்லார்ட். சுப்ரீம்சுக்கு அப்போது பெரிய வெற்றி ஒன்றும் கிடையாது. "ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்" என்றுதான் கம்பெனிக்குள்ளேயே கேலியாகக் கூப்பிடுவார்கள்.

வேண்டாம் என்ற பாட்டு

அந்தச் சுப்ரீம்சுக்கு வழி திறந்துவிட்டதும் மார்வெலெட்ஸ்தான்!

1964-ல் கம்பெனியின் பாட்டு எழுதும் மூவரான ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் ஒரு பாட்டைக் கொண்டு வந்தார்கள். "வேர் டிட் அவர் லவ் கோ" என்பது தலைப்பு. மார்வெலெட்சுக்குப் பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது, வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

பாட்டு சுப்ரீம்சிடம் போனது. அவர்களுக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் தட்டிக் கழிக்கிற நிலையில் அவர்கள் இல்லை. பாடினார்கள். அந்த ஆகஸ்டில் நாட்டின் நம்பர் 1. அதோடு நிற்கவில்லை. வரிசையாக 5 பாட்டுகள் முதலிடம். டயானா ராஸ் உலக நட்சத்திரம் ஆனார்.

மார்வெலெட்ஸ் தேர்ந்தெடுத்த பாட்டு வேறு. கடலில் மீனுக்கா பஞ்சம் என்பது போன்ற தைரியமான பாட்டு. கேட்க நன்றாகவே இருக்கும். 25-வது இடத்துக்குத்தான் வந்தது.

ஒரு பாட்டை வேண்டாம் என்றதால்தான் எல்லாம் கெட்டது என்று பலர் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. கம்பெனியின் கவனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நல்ல பாட்டு, நல்ல உடை, நல்ல மேடை எல்லாம் போகும். 1964-க்குப் பிறகு அது சுப்ரீம்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. மார்வெலெட்ஸ் டெட்ராய்ட் நகரத்துப் பெண்கள் கூட இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் என்ற பார்வை அவர்கள் மேல் எப்போதும் இருந்தது.

ஒரே கையில் எல்லாம்

பணக் கணக்கு எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ரிக்கார்டு போடுவது மோட்டவுன். பாடகிகளின் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் மானேஜர் நிறுவனமும் அதே மோட்டவுனைச் சேர்ந்தது. பாட்டின் உரிமை வைத்திருப்பதும் அதன் கிளைதான். சம்பளம் பேசுகிறவரும் அவர்கள் ஆள், கொடுக்கிறவரும் அவர்கள் ஆள். தராசும் ஒருவர் கையில், படிக்கல்லும் அவர் கையிலேயே!

பதிவுச் செலவு பாடுபவர்களின் பங்கில் இருந்து கழிக்கப்படும். விற்காமல் போன பாட்டுக்கும் செலவு உண்டு. அதுவும் கணக்கில் ஏறும். மைனர் பெண்கள் போட்ட ஒப்பந்தத்தில் இதையெல்லாம் அப்போது யார் படித்துப் பார்த்தார்கள்?

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெயர். மார்வெலெட்ஸ் என்ற பெயர் கம்பெனியின் சொத்து.

ஒவ்வொருவராக

ஜார்ஜியானாவுக்குச் சிறு வயதில் இருந்தே ரத்தத்தில் கோளாறு. அலைச்சல் தாங்கவில்லை. 1965-ல் மேடையை விட்டு இறங்கினார். அதே கம்பெனியில் காரியதரிசியாக வேலை பார்த்தார். வெளியே நம்பர் 1 பாடகியாக இருந்தவர், உள்ளே டைப் அடித்தார்.

மிச்சம் 3 பேர். ஆனால் இந்தக் காலத்தில்தான் குழுவின் மிக நல்ல பாட்டுகள் சில வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மிராக்கிள்ஸ் தலைவர் ஸ்மோக்கி ராபின்சனுக்கு வாண்டாவின் மெல்லிய குரல் பிடித்துப்போனது. அவளுக்காகவே பாட்டு எழுதினார். "டோன்ட் மெஸ் வித் பில்" 1966-ல் 7-வது இடத்துக்கு வந்தது. வேட்டைக்காரனே வலையில் மாட்டிக்கொள்ளும் கதையாக அவர் எழுதிய இன்னொரு பாட்டு 1967-ல் 13-வது இடம்.

பள்ளிக்கூடத்தில் குழுவைச் சேர்த்த கிளாடிஸ் மெல்ல மெல்லப் பின்பாட்டுக்குத் தள்ளப்பட்டாள். 1967-ல் கல்யாணம், குழந்தை என்று அவள் விலகிக்கொண்டாள். மகனுக்குப் பிறவியிலேயே மூளை பாதிப்பால் கை கால் சரியாக இயங்காத நிலை. மேடையா, மகனா என்றால் மகன்தான் என்று முடிவு செய்தாள்.

அவள் இடத்துக்கு ஆன் போகன் என்ற பாடகி வந்தார். ஆனால் கட்டிடத்தின் அஸ்திவாரம் ஆடிவிட்டது. 1970-ல் "மார்வெலெட்ஸ் திரும்பி வந்தார்கள்" என்ற தலைப்பில் ஆல்பம் வெளியானது. திரும்பி வந்தது யார்? குழுவில் வாண்டா ஒருத்திதான் பாடினாள். பின்பாட்டு பாடியவர்கள் கம்பெனியின் வேறு பாடகிகள். அதோடு சரி.

1972-ல் மோட்டவுன் கம்பெனி டெட்ராய்டைக் காலி செய்துகொண்டு, சினிமா ஊரான லாஸ் ஏஞ்சல்சுக்குப் போய்விட்டது.

பாட்டு மட்டும் சாகவில்லை

குழு போனாலும் தபால்காரர் பாட்டு ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. 1963-லேயே இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அதைத் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். பீட்டில்சின் சொந்தப் பாட்டு என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

1975 ஜனவரியில் கார்ப்பென்டர்ஸ் என்ற அண்ணன் தங்கை இருவர் அதே பாட்டைப் பாடினார்கள். மறுபடியும் அமெரிக்காவில் நம்பர் 1! ஒரே பாட்டு, வேறு வேறு குரலில், இரண்டு தடவை முதலிடம். இப்படி நடப்பது அபூர்வம்.

அதே கம்பெனியில் டைப் அடித்த ஜார்ஜியானா 1980 ஜனவரியில் நோய் முற்றி இறந்தார். வயது 35.

அசல் யார், நகல் யார்?

1980-களில் பழைய பாட்டு நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்காவில் மறுபடியும் மவுசு வந்தது. இளமையில் கேட்ட பாட்டை நேரில் கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கிளாடிசும் மேடை ஏற ஆசைப்பட்டார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. குழுவின் பெயரை மேடையில் உபயோகிக்கும் உரிமை, நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் ஒரு ஆளிடம் இருந்தது. அவர் சில பெண்களைச் சேர்த்து, ஒரே மாதிரி உடை போட்டு, "மார்வெலெட்ஸ்" என்று போஸ்டர் ஒட்டி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். இங்க்ஸ்டர் பள்ளிக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வந்தவர்களுக்கு என்ன தெரியும்? முதல் ஆல்பத்தின் அட்டையில்தான் முகமே இல்லையே!

பாட்டைப் பாடிய அசல் கிளாடிஸ் "மார்வெலெட்ஸ்" என்று விளம்பரம் செய்தால் வழக்கு வரும். "மார்வெலெட்ஸ் குழுவைச் சேர்ந்த கிளாடிஸ் ஹார்ட்டன்" என்று சுற்றி வளைத்துத்தான் போட்டுக்கொள்ள முடிந்தது. நகலுக்கு முழுப் பெயர். அசலுக்கு விளக்கம்.

இந்தக் கொடுமை அவருக்கு மட்டும் இல்லை. அந்தக் காலத்துப் பாடகர்கள் பலருக்கும் இதே கதிதான். சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் இதை எதிர்த்து மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டசபைகளில் பேசினார். அசல் ஆள் ஒருவர்கூட இல்லாமல் பழைய குழுவின் பெயரைப் போட்டு ரசிகர்களை ஏமாற்றக்கூடாது என்று பல மாநிலங்கள் பிற்பாடு சட்டம் கொண்டு வந்தன. அதற்குள் அந்தப் பெண்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

800 டாலரில் தொடங்கிய மோட்டவுன் கம்பெனி 1988-ல் என்ன விலைக்குப் போனது தெரியுமா? 6 கோடியே 10 லட்சம் டாலர்.

1990-ல் கிளாடிசும் வாண்டாவும் வேறொரு கம்பெனிக்காக மறுபடியும் சேர்ந்து ஒரு ஆல்பம் பாடினார்கள். பழைய ரசிகர்கள் வாங்கினார்கள். பட்டியலில் ஏறவில்லை.

கிளாடிஸ் 2011 ஜனவரி 26-ந்தேதி கலிபோர்னியாவில் இறந்தார். வயது 65. ராக் இசைக்கான அமெரிக்காவின் புகழ் மண்டபத்தில் மார்வெலெட்சைச் சேர்க்கலாமா என்று 2013-ம் ஆண்டுக்கும் 2015-ம் ஆண்டுக்கும் பரிந்துரைப் பட்டியலில் பெயர் வந்தது. இரண்டு தடவையும் தேர்வாகவில்லை. பள்ளிப் போட்டியில் நடந்த மாதிரியேதான். இந்தத் தடவை சிபாரிசு செய்ய டீச்சர் இல்லை.

வாண்டா 2021 டிசம்பரில் காலமானார். குழு கலையும் வரை கூடவே இருந்த காத்தரின் 2023 செப்டம்பரில் இறந்தார்.

அப்பா கையெழுத்துப் போட மறுத்ததால் வீட்டோடு இருந்துவிட்ட ஜார்ஜியா 2020-ல் காலமானார். மார்வெலெட்ஸ் என்ற பெயரில் அவர் ஒரு மேடையிலும் நின்றது கிடையாது. ஒரு ரிக்கார்டிலும் அவர் குரல் இல்லை. ஆனால் மார்வெலெட்ஸ் பாடினாலும் சரி, பீட்டில்ஸ் பாடினாலும் சரி, கார்ப்பென்டர்ஸ் பாடினாலும் சரி, தபால்காரர் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் "டாபின்ஸ்" என்று அவர் பெயர் இருக்கிறது. கூடவே காரெட், ஹாலண்ட், பேட்மன், அப்புறம் அந்தத் தபால்காரர் கோர்மன்.